வண்டி வரும் நேரம்

பிரெஞ்சு மொழியில் குப்பைத்தொட்டியைப் ‘பூபெல்’ என்கிறார்கள். அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். யூஜேன் பூபெல், சட்டம் படித்தவர். பேராசிரியராக இருந்து நிர்வாகத்துக்கு வந்தவர். 1883இல் பாரிஸ் நகரை உள்ளடக்கிய ஸேன் மாவட்டத்தின் ஆட்சித்தலைவரானார். பதவியேற்ற சில வாரங்களிலேயே, நவம்பர் 24 அன்று, ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். ஒவ்வொரு கட்டடத்தின் உரிமையாளரும் குடியிருப்போரின் குப்பைக்கென மூடியுள்ள பெட்டிகள் வாங்கி வைக்க வேண்டும் என்பது அந்த ஆணை. 1884 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தபோது பத்திரிகைகள் கேலியாக அந்தப் பெட்டிக்கு அவர் பெயரையே சூட்டின. கேலி மறைந்துவிட்டது, பெயர் நின்றுவிட்டது. சாலைகளுக்கும் சதுக்கங்களுக்கும் பெயராக ஆசைப்பட்ட எத்தனையோ ஆட்சியாளர்களுக்கு வாய்க்காத நிலைபேறு இது என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

சுகாதார வரலாற்று நூல்களில் பூபெல் ஒரு நாயகர். நாம் இங்கே பேச நினைப்பது அந்தப் பெட்டி எடுத்துக்கொண்டதைப் பற்றி. அதற்கு முன்புவரை பாரிஸ் தெருக் குப்பை யாருடையது என்ற கேள்விக்கு நகரத்தில் ஒரு விடை இருந்தது. எந்தச் சட்டத்திலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. கூடை சுமந்த சில ஆயிரம் மனிதர்களின் வழக்கத்தில் இருந்தது.

அவர்களைப் பிரெஞ்சில் ‘ஷிஃபோனியே’ என்றார்கள். ‘ஷிஃபோன்’ என்றால் கந்தல்துணி. கந்தல் பொறுக்குவோர் என்று நாம் சொல்லலாம். போதலேரின் கவிதையில் வருபவர் என்பதால் இலக்கிய வாசகர்களுக்கு அவர் புதியவர் அல்லர். மனே அவரை ஆளுயர ஓவியமாகத் தீட்டினார். ஃபெலிக்ஸ் பியா 1847இல் அவரை நாயகனாக்கி நாடகம் எழுதிப் புகழ்பெற்றார். பின்னர் வால்டர் பெஞ்சமின் போதலேரைப் பற்றி எழுதும்போது, நகரம் உதறியதைச் சேகரிப்பவன் என்ற வகையில் கவிஞனையும் கந்தல் பொறுக்குபவனையும் அருகருகே நிறுத்தினார். அழகான ஒப்புமைதான். ஆனால் கவிஞர்கள் அவருடைய தள்ளாட்டத்தையும் தனிமையையும் கண்ட அளவுக்கு அவருடைய கணக்கைக் கண்டதாகத் தெரியவில்லை. அவர் தெருவில் அலைந்த தத்துவஞானி அல்லர். நீண்ட தொழிற்சங்கிலி ஒன்றின் முதல் கண்ணி அவர்.

அந்தத் தொழிலுக்குள் படிநிலைகள் இருந்தன. அடியில் இருந்தவர்கள் இரவில் அலைபவர்கள். முதுகில் பிரம்புக்கூடை, ஒரு கையில் விளக்கு, மறு கையில் கொக்கி. கொக்கியின் வடிவத்தைப் பார்த்து அதற்கு ‘ஏழாம் எண்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இவர்களுக்கு மேலே இருந்தவர்கள் ‘இடக்காரர்கள்’. குறிப்பிட்ட சில கட்டடங்களுக்குள் நுழையும் வழக்குரிமை அவர்களுக்கு இருந்தது. கட்டடக் காவலாளிக்கு விடியற்காலை வேலைகளில் கைகொடுப்பார்கள். பதிலுக்கு அந்த வீடுகளின் குப்பை தெருவுக்கு வரும் முன்பே அவர்கள் கைக்கு வந்துவிடும். இந்த ‘இடம்’ தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும். விலைக்கும் விற்கப்படும். வாங்குபவரை விற்பவர் அழைத்துச்சென்று காவலாளிக்கு அறிமுகம் செய்து வைப்பார். பத்திரமில்லாத சொத்துதான், ஆனாலும் சொத்து. எல்லோருக்கும் மேலே எடைபோட்டு வாங்கும் மொத்த வணிகர்கள் இருந்தார்கள். நம் ஊர்க் காயலான் கடையைப் பத்து மடங்கு பெருக்கிக்கொண்டால் அவர்களுடைய கிடங்கு ஓரளவு கண்ணுக்குத் தெரியும்.

அரசாங்கம் இவர்களை அறியாமல் இல்லை. 1828இல் பாரிஸ் காவல்துறை ஒவ்வொரு கந்தல் பொறுக்குபவரும் பித்தளை வில்லை அணிய வேண்டும் என்று விதித்தது. கண்காணிப்புக்காக வந்த விதி அது. இரவில் விளக்கோடு அலைபவன் திருடனா தொழிலாளியா என்று காவலர் அறிய வேண்டுமல்லவா? ஆயினும் வில்லை கழுத்துக்கு வந்தபின் அதற்கு இன்னொரு பொருளும் சேர்ந்துகொண்டது. நகரம் தன்னை ஒரு தொழில் உடையவனாக ஒப்புக்கொண்டது என்று அதை அணிந்தவன் எண்ணத் தொடங்கினான்.

கூடைக்குள் விழுந்தவை போன திசைகள் வியப்பூட்டுபவை. பருத்திக் கந்தலும் சணல்நாரில் நெய்த துணிக் கந்தலும் காகித ஆலைக்குப் போயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பியக் காகிதம் என்பதே பெரும்பாலும் பழந்துணிதான். பால்ஸாக்கின் நாவல்கள் அச்சான தாள்கள் ஒரு காலத்தில் யாரோ உடுத்திய சட்டைகள். அந்தக் கச்சாப்பொருள் வெளிநாட்டுக்குப் போய்விடக்கூடாது என்று பிரெஞ்சு அரசு பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தடை விதித்திருந்தது. கம்பளிக் கந்தலைப் பிய்த்து மீண்டும் நூற்றார்கள். எலும்பு பொத்தானாயிற்று, பசையாயிற்று; கரியாக எரிக்கப்பட்டுச் சர்க்கரையை வெளுப்பாக்கும் வடிகட்டியாயிற்று; அதிலிருந்து எடுத்த பாஸ்பரஸ் தீக்குச்சியின் தலைக்கு ஏறிற்று. கண்ணாடித் துண்டு உலைக்குத் திரும்பியது. சீப்பிலிருந்து உதிர்ந்த கூந்தல்கூட வேறொரு சீமாட்டியின் கொண்டையில் சேர்ந்தது. இவையெல்லாம் எடுக்கப்பட்டபின் மிஞ்சிய சேறும் காய்கறிக் கழிவும் வண்டியேறி நகருக்கு வெளியே தோட்டங்களுக்கு எருவாயின.

இந்த எருவில்தான் ஒப்பந்ததாரர் வருகிறார். தெருக்களின் சேற்றை அள்ளும் உரிமையை நகரம் ஏலம் விட்டது. ஒரு காலத்தில் அந்த உரிமைக்காக ஒப்பந்ததாரர் நகருக்குப் பணம் கட்டினார். நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரம் அவருக்குப் பணம் கொடுத்து அள்ளச் சொல்ல வேண்டியதாயிற்று. அதே குப்பைதான், பணம் போகும் திசை மாறிவிட்டது. குப்பையின் வரலாற்றைப் படிக்கும்போது நாம் முதலில் தேட வேண்டியது இந்தத் திசையைத்தான் என்று நினைக்கிறோம். துர்நாற்றத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை, இதைப் பற்றி எழுதியவர் குறைவு.

(மதிப்பு இருப்பதாகத் தெரிந்துவிட்டால் அரசர்களும் குப்பைக்குக் கூச்சப்படுவதில்லை. வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பு, கால்நடைகளின் சிறுநீர் ஊறிய மண்ணில் விளைவது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் அரசரின் ஆட்கள் எவருடைய தொழுவத்தையும் புறாக்கூண்டையும் தோண்டி மண்ணை எடுத்துச்செல்லலாம். வீட்டுக்காரன் வாய் திறக்க முடியாது. 1656இல்தான் உரிமையாளரின் சம்மதமின்றித் தோண்டக்கூடாது என்று சட்டம் வந்தது.)

பூபெலுக்கு அரை நூற்றாண்டு முன்பே ஒரு முன்னோட்டம் நடந்துவிட்டது. 1832 மார்ச் இறுதியில் காலரா பாரிஸை அடைந்தது. அந்த ஆண்டு நகரில் 18,000க்கும் மேற்பட்டோர் அதற்குப் பலியானார்கள். தெருவில் கிடக்கும் குப்பையே நோய்க்குக் காரணம் என்று நம்பிய அதிகாரிகள், புதிய ஒப்பந்ததாரரின் வண்டிகளை மாலையிலேயே அனுப்பி அள்ளச் செய்தனர். அதுவரை இருந்த வழக்கம் வேறு. மாலையில் மக்கள் குப்பையைத் தெருவில் கொட்டுவார்கள். வண்டி காலையில்தான் வரும். இடைப்பட்ட இரவு கந்தல் பொறுக்குவோருடையது. அந்த இரவு பறிபோனது. ஏப்ரல் தொடக்கத்தில் அவர்கள் திரண்டு வண்டிகளை உடைத்தார்கள், எரித்தார்கள்.

அப்போது பாரிஸில் இருந்த ஜெர்மானியக் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனே தம் நாட்டுப் பத்திரிகைக்கு இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கலகக்காரர்களின் வாதத்தை அவர் பதிவு செய்திருக்கும் விதம் கூர்மையானது. நீண்ட வழக்கத்தால் தங்களுக்கு உரித்தான தொழில் இது, ஏறத்தாழ உடைமை போன்றது, இதை யாரும் தம் விருப்பப்படி பறிக்கக்கூடாது என்பது அவர்கள் கட்சி. பழைய சலுகைகளைக் கைவிட மறுக்கும் பிரபுக்களும் தொழிற்குழுத் தலைவர்களும் சொல்லும் நியாயத்தையே இவர்களும் சொல்கிறார்களே என்று ஹைனே நகைக்கிறார். அவர் நகைத்தது நியாயம்தானா என்று நமக்கு ஐயமுண்டு. பிரபுவிடம் அந்த நியாயத்துக்குப் பின்னால் நிலம் இருந்தது. இவர்களிடம் சூரியன் மறைவதற்கும் உதிப்பதற்கும் இடையிலான சில மணிநேரம் மட்டுமே இருந்தது. ஆனால் அவர் ஒன்றைச் சரியாகக் கேட்டுக்கொண்டார். அந்த மனிதர்கள் பிச்சையோ இரக்கமோ கேட்கவில்லை. உடைமை என்ற சொல்லையே நெருங்கி நின்று பேசினார்கள்.

இனி 1884க்குத் திரும்புவோம். பூபெலின் பெட்டி நாற்பது லிட்டரிலிருந்து நூற்றிருபது லிட்டர்வரை கொள்ளும். ஆணையில் இன்று படிப்பவரை நிமிர்ந்து உட்காரச் செய்யும் ஒரு பகுதி உண்டு. அழுகும் பொருளுக்கு ஒன்று, காகிதத்துக்கும் கந்தலுக்கும் ஒன்று, கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் சிப்பி ஓடுகளுக்கும் ஒன்று என்று குப்பையை வீட்டிலேயே வகைபிரிக்கச் சொன்னார் அவர். சிப்பி ஓட்டுக்குத் தனியிடம் கேட்கும் நகரத்தின் உணவுப் பழக்கத்தை எண்ணிப் புன்னகைக்கலாம். மக்கள் இந்தப் பிரிவினையைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. பெட்டி மட்டும் நிலைத்தது.

வகைபிரித்தல் அந்நகரத்தில் அதுவரை நடக்காத ஒன்றல்ல என்பதை மறந்துவிடக்கூடாது. ஆயிரக்கணக்கானோர் இரவெல்லாம் விளக்கொளியில் குனிந்து செய்துவந்தது அதைத்தான். ஆணை அந்த வேலையைக் குடித்தனக்காரர்களிடம் மாற்றிக்கொடுத்தது, அவர்கள் செய்யவில்லை. செய்துகொண்டிருந்தவர்களிடமிருந்து பறித்து, செய்யாதவர்களிடம் கொடுத்த கதை.

குப்பையின் உரிமை இன்னாருக்கு மாறுகிறது என்று ஆணை முழங்கியிருந்தால் எதிர்ப்பது எளிதாக இருந்திருக்கும். அது பெட்டியைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும்தான் பேசியது. இரவெல்லாம் தெருவில் குவிந்து கிடந்த குப்பை இனி கட்டடத்துக்குள் பெட்டியில் இருக்கும். வண்டி வருவதற்குச் சற்று முன்பே வாசலுக்கு வரும். வண்டி போனதும் பெட்டி உள்ளே போய்விடும். அவ்வளவுதான். எவருடைய உரிமையும் பெயர்சொல்லி ரத்துசெய்யப்படவில்லை. இரவு மட்டும் காலியாகிவிட்டது. முதல் அடி, கட்டடத்துக்குள் நுழையும் வழக்குரிமை இல்லாத, இரவில் அலைபவர்கள்மேல் விழுந்தது.

எதிர்ப்பு பலமாகவே எழுந்தது. பெட்டி வாங்கும் செலவு தங்கள் தலையில் விழுந்ததால் கட்டட உரிமையாளர்களும் முணுமுணுத்தார்கள். இடதுசாரிப் பத்திரிகைகளும் முடியாட்சி ஆதரவுப் பத்திரிகைகளும், வேறெதிலும் ஒன்றுசேராதவை, இதில் கந்தல் பொறுக்குவோர் பக்கம் நின்றன. 1884 மார்ச்சில் ஆணை திருத்தப்பட்டது. கந்தல் பொறுக்குபவர் பெட்டியிலுள்ளதை ஒரு விரிப்பின்மேல் கொட்டி, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் திரும்பப் போட்டுவிட வேண்டும் என்பது கடைசியில் கிடைத்த சமரசம். ஓர் இரவின் வேலை சில நிமிடங்களுக்குச் சுருங்கிற்று. ஆனாலும் அந்த விரிப்பை நாம் குறைத்து மதிப்பிட மாட்டோம். பெட்டியில் விழுந்தபின்னும் அதில் இன்னொருவருக்குப் பங்குண்டு என்று நகரம் ஒப்புக்கொண்ட சதுரம் அது.

காலமும் அவர்களுக்கு எதிராகவே இருந்தது. மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையை ஜெர்மனியின் கெல்லர் 1844இல் கண்டிருந்தார். நூற்றாண்டின் இறுதிக்குள் செய்தித்தாள் மரக்கூழுக்கு மாறிவிட, கந்தலின் விலை சரிந்தது. பூபெலை மட்டும் குற்றஞ்சாட்டி எழுதுவோர் இதை விட்டுவிடுகிறார்கள். பெட்டி வராவிட்டாலும் அந்தத் தொழில் மெலிந்திருக்கும். ஆனால் மெலிவது வேறு, நேரம் பறிபோவது வேறு. கூடைக்காரர்கள் நகரின் கோட்டைச்சுவருக்கு வெளியே ஒதுங்கினார்கள். பொறுக்கிய பழம்பொருள்களை அவர்கள் பரப்பி விற்ற இடங்களில் ஒன்றுதான் இன்று சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் ஸான்துவான் பழஞ்சந்தை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகைப்படக் கலைஞர் யூஜேன் அத்ஜே அந்த எல்லைப்புறக் குடிசைகளைப் படமெடுத்திருக்கிறார். கந்தலும் கூடைகளும் மலைபோல் கிடக்கும் அந்தப் படங்களில் அழுகை எதுவும் இல்லை. வேலை நடந்துகொண்டிருக்கிறது.

எறிந்தபின் பொருள் யாருடையது என்ற கேள்வியை நீதிமன்றங்கள் நேராகச் சந்தித்தது வெகு பிற்பாடுதான். 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு ஒன்று, கலிஃபோர்னியாவில் ஒருவர் வாசலில் வைத்த குப்பைப்பையைக் காவலர் சோதித்தது செல்லுமா என்பது. செல்லும் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. தெருவோரம் வைத்த பையை விலங்குகளும் குழந்தைகளும் பொறுக்குவோரும் எவரும் திறக்கக்கூடும்; எனவே அதில் அந்தரங்கம் எதிர்பார்க்க முடியாது என்பது அதன் காரணம். எறிந்தவனின் உரிமை வாசலோடு முடிகிறது என்று இதிலிருந்து கொள்ளலாம். அதன்பின் யாருடையது என்பது அந்த வழக்கின் கேள்வி அல்ல.

அந்த இரண்டாம் கேள்வி கொலம்பியாவில் எழுந்தது. வெளியே வைக்கப்பட்ட குப்பை அள்ளும் நிறுவனத்தைச் சேரும் என்று அந்நாட்டில் 2002இல் ஓர் அரசாணை வந்தது. பாரிஸ் ஆணை சொல்லாமல் விட்டதை இது வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டதால் வழக்காட முடிந்தது. தலைநகர் பொகோட்டாவில் 1990 முதலே சங்கமாகத் திரண்டிருந்த மறுசுழற்சித் தொழிலாளர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். குப்பை அள்ளும் ஒப்பந்தப்புள்ளி கோரும்போது இவர்களை விலக்கிவைக்கக்கூடாது, சேர்த்துக்கொள்ள வழிசெய்ய வேண்டும் என்று 2003இல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009இல் காலி நகரத்து வழக்கிலும் அதையே வலியுறுத்தியது. சொன்னபடி நடக்கவில்லை என்று கண்டு, 2011 டிசம்பரில் பொகோட்டாவின் மாபெரும் ஒப்பந்தப்புள்ளியையே நிறுத்திவைத்தது. 2013இல் அந்நகரத் தொழிலாளர்களுக்கு, அவர்கள் சேகரித்துத் தந்த எடைக்கு, நகரக் கட்டணத்திலிருந்து கூலி கிடைக்கத் தொடங்கியது. பழைய பொருளை விற்ற காசு வேறு. அள்ளியதற்கான கூலி வேறு. இரண்டாவதை அதுவரை நிறுவனங்கள் மட்டுமே பெற்றுவந்தன.

இந்த இரு நகரங்களும் நம் சென்னைக்குத் தொலைவில் இல்லை என்பதைத் தற்செயலாகத்தான் கவனித்தோம். 2000இல் சென்னையின் மூன்று மண்டலங்களில் குப்பை அள்ளும் பணி தனியாரிடம் விடப்பட்டபோது வந்த ஓனிக்ஸ், பிரான்ஸின் விவெண்டி குழுமத்தின் கிளை. 2007இல் அதன் இடத்துக்கு வந்த நீல் மெட்டல் ஃபனால்கா ஓர் இந்திய நிறுவனமும் கொலம்பியாவின் ஃபனால்காவும் சேர்ந்து அமைத்தது. பூபெலின் நாட்டிலிருந்து ஒன்று, பொகோட்டாவின் நாட்டிலிருந்து இன்னொன்று. இரண்டுக்கும் கட்டணம் டன் கணக்கில். நிறுவனங்களை நாம் இங்கே குறைகூற வரவில்லை. கணக்கின் போக்கைத்தான் சொல்கிறோம். எடைக்குப் பணம் என்றால் தொட்டியிலிருந்து ஒருவர் உருவிக்கொண்டுபோகும் அட்டைப்பெட்டி வண்டியின் எடையில் குறையும். அதே அட்டை கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ போய் மேட்டில் கொட்டப்பட்டால் எடையாகும், பணமாகும். பிரித்தெடுப்பவர் நகரத்துக்கு மிச்சப்படுத்தித் தருவது அந்தக் கணக்கில் இழப்பாகப் பதிவாகும். பாரிஸில் நேரம் செய்த வேலையை இங்கே தராசு செய்தது.

இந்திய அரசின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பை பொறுக்குவோர் யார் என்று வரையறுத்து, உள்ளாட்சிகள் அவர்களை அங்கீகரித்துத் தம் ஏற்பாடுகளில் இணைத்துக்கொள்ள வேண்டும் என்றன. புனேயில் அதற்கு வெகுமுன்பே, 1993இல், அவர்கள் சங்கம் கண்டுவிட்டார்கள். 2008 முதல் அவர்களுடைய கூட்டுறவு அமைப்பே வீடுவீடாகக் குப்பை வாங்குகிறது; மறுசுழற்சிக்கு உரியவை வாங்கியவருக்கே சொந்தம்.

நம் வீடுகளின் வழக்கத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தோம். செய்தித்தாளைக் கட்டிவைத்து எடைக்குப் போடுகிறோம். தராசின் முள்ளைக்கூட நம்பாமல் குனிந்து பார்க்கிறோம். பால் உறைகளைக் கழுவிக் காயவைத்துச் சேர்க்கும் வீடுகள் உண்டு. அதுவரை அவை நம்முடையவை. அதே உறை கழுவப்படாமல் தொட்டிக்குள் விழுந்துவிட்டால், அதை எடுக்கக் குனிபவரைச் சந்தேகத்தோடு பார்க்கிறோம்.

எங்கள் தெருமுனையில் முன்பு ஒரு தொட்டி இருந்தது. விடியுமுன் ஒரு பெண்மணி சாக்குப்பையோடு வந்து, கீழே ஒரு பழைய பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, தொட்டியிலிருந்ததை அதன்மேல் எடுத்துப் பிரிப்பார். மிச்சத்தைத் திரும்பத் தொட்டியில் போட்டுவிட்டே போவார். லாரி ஏழு மணிக்கு வரும். இப்போது தொட்டி இல்லை. வீடுவீடாக மின்கல வண்டி வருகிறது. ஊழியர் கைநீட்டி நேராக வாங்கிக்கொள்கிறார். தெரு சுத்தமாக இருக்கிறது. அந்த அம்மாள் சில நாட்கள் வண்டிக்கு முன்னால் வந்து, வாசலில் வைத்திருக்கும் வாளிகளைத் திறக்கலாமா என்று கேட்டார். ஒரு வீட்டில் சரி என்றார்கள்.